கத்தரி படாத துணி

எண்பதுகளில் ஏற்காட்டுக் கன்னியர் மடத்துக்கு ஓர் அம்மா விருந்தாளியாக வந்து தங்கியிருந்தார். குவாத்தமாலா நாட்டுக்காரர், மாயா இனம். மடத்துத் தையல் கூடத்தில் எங்கள் சிலருக்கு அவர் ஊர் நெசவைச் சொல்லிக்கொடுத்தார். நான் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். பறிப்பு இல்லாத நாட்களில் பஸ் ஏறிப் போவேன்.

அந்தத் தறிக்குக் குழியும் இல்லை, சட்டமும் இல்லை. பாவு நூலை இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டி, ஒன்றைச் சில்வர் ஓக் மரத்திலும் மற்றதை வாரால் நம் இடுப்பிலும் மாட்ட வேண்டும். பின்னால் சாய்ந்தால் நூல் விறைக்கும், குனிந்தால் தளரும். ஒரு முனையில் கொஞ்சம் நெய்துவிட்டு, மறு முனையிலிருந்து நெய்து வந்து அதோடு சேர்ப்பதால் துணிக்கு நாலு பக்கமும் ஓரம் இருக்கும், கத்தரிக்கு வேலையே கிடையாது. ஆனால் அந்தக் கடைசி இடைவெளி உயிரை வாங்கிவிடும். ஊசியால்தான் ஊடையை, குறுக்கு நூலை, கோக்க முடியும். மற்றவர்கள் சலித்துப்போய் அங்கே வெட்டி எடுத்து, முனையை மடித்துத் தைத்துவிட்டார்கள்.

நான் வெட்டவில்லை. வெள்ளைப் பருத்தியில் சிவப்பு நூல் செருகிக் காப்பிப் பழக் கொத்துப் போட்டிருந்தேன். இடுப்பு கழன்றுபோக, கண் எரிய, இடைவெளியை அடைத்து முடித்தேன். அந்த அம்மா மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை.

கூடத்துப் பொறுப்பாளர் சேலத்துக்காரர். என்னைக் கேட்காமலே துணியை டெய்லரிடம் கொடுத்துவிட்டார். தறியிலிருந்து வந்த துணி என்றால் முனையை வெட்டித் தைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. ஊசியால் அடைத்த இடம் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும். அதைப் பழுது என்று நினைத்த டெய்லர் அதோடு சேர்த்துக் கத்தரித்து, மெஷினில் மடித்து அடித்திருந்தார். விடைகொடுக்கும் கூட்டத்தில்தான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்த அம்மா பேசும் இங்கிலீஷ் எனக்கு வராது. எங்களுக்கு நடுவே பேசுகிறவர் பொறுப்பாளர்தான்.

"நான் அடைச்சுத்தானுங்க முடிச்சிருந்தேன். வெட்டுனது டெய்லருங்க. அதை அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"விருந்தாளி முன்னால வம்பு எதுக்கு கண்ணு? நொம்ப அழகா இருக்குது, உடு" என்றவர், அந்த அம்மா பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சிரித்துச் சொன்னார். நான் சொன்னது அதில் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த அம்மா துணியைக் கையில் வாங்கினார். விரல் மெஷின் தையலில் போய் நின்றது. என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், துணியைக் காட்டினேன், ஓரமாக நின்ற டெய்லரைக் காட்டினேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில், "பரவாயில்லை" என்றார்.

செய்யாத தப்புக்கு என்னை மன்னித்துவிட்டு அவர் பஸ் ஏறிப் போனார். அந்த மன்னிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.