ரெங்கத்துப் பல்லிகளும் என் மண்டையும்

ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு பல்லி இருக்கும், மிஞ்சிப் போனால் இரண்டு. அது எப்போதாவது வாயைத் திறந்தால் ‘கிருஷ்ணா, கிருஷ்ணா’ என்று தரையைத் தட்டிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். இங்கே மலாய் நாட்டில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் பால்மரத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில், பல்லிகள் சந்தை கூட்டி வைத்திருக்கின்றன. கூரையில், அரிசிப் பானைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், எங்கும் அதுகள்தான். ஒன்று ஆரம்பித்தால் மற்றதெல்லாம் ஒத்து ஊதும். பல்லி சொல்லுக்குப் பயந்தவன் இந்தச் சீமைக்குக் கப்பல் ஏறக் கூடாது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், படுபாவிகள், ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் பயந்தவன். புலிக்குப் பயப்படுவது மாதிரி நியாயமான பயம் இல்லை. கண் விழித்ததும் நெஞ்சு இடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி முகத்தைத் திருப்பினால் பேரை வெட்டப் போகிறார் என்று நினைப்பேன். திருப்பாவிட்டால், ஐயோ, என்னையே பார்க்கிறாரே என்று நினைப்பேன். ஆஸ்பத்திரி டிரஸர் காய்ச்சல் மருந்து கொயினாவைக் கொடுத்தார். பூசாரி கயிறு கட்டினார். வாயில் கசப்பும் கையில் கயிறும் மிச்சம், பயம் அப்படியே இருந்தது.

எங்கள் முசிறிப் பக்கத்தில் பல்லி சொல்லுக்குத் திசைக் கணக்கு உண்டு. வடக்கே சொன்னால் வரவு, தெற்கே சொன்னால் கேடு. என் வீட்டுப் பல்லிகளோ விடியுமுன்னே தெற்குச் சுவரில் கூடிக்கொண்டு கேடு கேடு என்று கத்தின. வாசற்படியில் வைத்த காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, வடக்கே ஒன்றாவது சொல்லட்டும் என்று உட்கார்ந்துவிடுவேன். அதற்குள் பெரட்டு முடிந்துவிடும். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது. அதற்கு வராதவனுக்கு அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒருநாள் கங்காணி வாசலிலேயே வந்து நின்றார்.

“இன்னொரு தரம் வராமப் போனா பைத்தியம்னு சொல்லி ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்கடா. பொண்டாட்டி நல்லா மரம் வெட்டிப் பால் எடுக்குறா, அவள விடமாட்டாங்க. நீ மட்டும் போய்ச் சேரு.”

பொன்னம்மா இல்லாமல் நானா? அதைக் கேட்டதும் இருந்த பயத்துக்கு ஒரு தம்பி பிறந்தான்.

தோட்டத்துக் காவல்காரர் பாக் சமாட் நல்ல மனுஷர். மலாய்க்காரர்கள் பல்லிச் சொல்லுக்கு என்ன பலன் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயையும் மீதிக்குக் கையையும் வைத்து, “சிச்சாக்” என்று பல்லியைச் சொல்லி, தெற்கைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, கண்ணை உருட்டினேன். “அலமாக்!” என்றார் அவர், முகமெல்லாம் இரக்கம். மறுநாள் ஒரு பூனையைக் கொண்டு வந்து விட்டார். சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் போல. பூனை முதல் நாளே ஒரு பல்லியைத் தின்றது. கேட்டோடு பல்லியைக் கொன்ற பாவமும் சேர்ந்ததே என்று நான் தலையில் கை வைத்தேன். அப்புறம் அந்தப் பூனை கருவாட்டின் ருசி கண்டு பல்லிப் பக்கமே திரும்பவில்லை.

பொன்னம்மா ஒருநாள் விடியலில் கஞ்சிக் கரண்டியோடு நின்று தெற்குச் சுவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ஏங்க, இதுங்க உங்களுக்குச் சேதி சொல்ல வரல. வெளக்கு இந்தச் செவுத்துல தொங்குது. வெளக்குக்குப் பூச்சி வருது, பூச்சியத் திங்க இதுங்க வருது.”

“பூச்சிய அனுப்புறது யாரு? எல்லாம் தெய்வச் செயல் புள்ள.”

அவள் விளக்கைக் கழற்றி வடக்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். மறுநாள் பல்லிக் கூட்டம் மொத்தமும் வடக்கே! வரவு, வரவு, வரவு! நான் துரை மாதிரி கையை வீசிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கிராணி திட்டினார், வழுக்கி விழுந்து பால் வாளியைக் கொட்டினேன், காலில் அட்டை ஏறியது. அடுத்தடுத்த நாளும் வடக்கே கச்சேரிதான், ஒரு வரவும் இல்லை. “வரவு எங்கங்க?” என்று பொன்னம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள். அன்றைக்குத்தான் உறைத்தது. நல்லது சொன்னபோது வந்ததா என்று பார்த்தேன்; கெட்டது சொன்னபோது ஒருநாளும் பார்த்ததில்லை, சொன்னதுமே நம்பிவிட்டேன்.

அத்தோடு குணமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் மண்டை பல்லியை விட்டுவிட்டுக் கிராணியின் மீசையைப் பிடித்துக்கொண்டது. பொன்னம்மா அதற்கும் ஒரு வழி வைத்தாள். பயம் வந்தால் பாதியில் விழுங்கக் கூடாது, கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“கிராணி மொறச்சாரு.”

“அப்புறம்?”

“பேர வெட்டுவாரு. கப்பல் ஏத்துவாங்க.”

“அப்புறம்?”

“கப்பல் கவுந்துரும். சுறா திங்கும்.”

“அப்புறம்?”

“அதுக்கு வயித்தால போகும்.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு இடிப்பு நிற்கவில்லை, ஆனால் பயம் போன பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் ஜென்மத்துக்கும் கிளம்ப முடியாது. அதையும் கூட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போகப் பழகினேன். கங்காணி பிறகு வாசலுக்கு வரவில்லை.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. கூலியைக் குறைத்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் போகலாம், கப்பல் சும்மா என்றார்கள். பெரட்டுக் களத்தில் போகிறவர்கள் ஒரு வரிசை, இருக்கிறவர்கள் ஒரு வரிசை. பொன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டுக்கும் நான் தயார். நீங்க சொல்லுங்க” என்றாள். பாவி மகள், என்னைப் போய்க் கேட்கிறாளே! போனால் கப்பல் மூழ்கும் என்றது மண்டை. இருந்தால் பட்டினி என்றது அதே மண்டை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊளையிட்டதால், முதல் தடவையாக அதன் யோசனை எனக்குத் தேவைப்படவில்லை. மரம் வெட்டும்போது என் கை நடுங்குவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பயத்தையும் கூட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் வரிசையில் போய் நின்றேன். பொன்னம்மா பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள், நானும் அழுதேன்.

இப்போது மாரியம்மனுக்குத்தான் கஷ்டம். இங்கே மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கூலி போகும். அங்கே ஊரில் பெய்யாவிட்டால் அண்ணனுடைய சோளக்காடு கருகும். “ஆத்தா, அங்க கொட்டு, இங்க நிறுத்து” என்று தினமும் கேட்கிறேன். “அவளுக்கும் கிறுக்குப் புடிக்கப் போவுது, விடுங்க” என்கிறாள் பொன்னம்மா. நேற்றும் அப்படிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே தலையில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. ‘போச்சே கூலி’ என்றது வாய்; ‘ஆகா, மழை!’ என்று குளிர்ந்துவிட்டது நெஞ்சு.