தொப்புள் காய்ந்த வாரம்

லிஃப்ட் மெக்கானிக் தன் மகளை வீட்டுக்குத் தூக்கிவந்தபோது அவள் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெற்றவள் பிரசவத்தன்றே ரத்தப்போக்கு நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பவனைப் போல வீட்டுக்குள் நடமாடினான்.

அன்று மத்தியானமே சுகாதார நர்ஸ் வந்தார்.

"சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தொடணும். தொப்புள்ல எண்ணெய், பவுடர் எதுவும் வைக்காதீங்க. காத்துப் பட்டா தானா காஞ்சு விழுந்துடும். டயப்பரை அதுக்குக் கீழே மடிச்சு விடுங்க. அது விழுற வரைக்கும் குளிப்பாட்ட வேணாம், ஈரத்துணியால துடைச்சாப் போதும். சுத்திச் சிவந்தா, சீழ் வச்சா, பிள்ளை பால் குடிக்கலன்னா, உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

"சரிங்க" என்றான்.

கிரீஸ் ஊறிய கை. நகத்தை ஒட்ட வெட்டி, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவினான். பால்புட்டியைக் கொதிக்க வைத்தான். பிள்ளை குடித்த நேரத்தையும் நனைத்த நேரத்தையும் சர்வீஸ் தாளின் பின்பக்கம் எழுதினான். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைத்தான். ஒன்றும் தவறவில்லை.

பகலில் துணைக்கு இருந்த மச்சினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, லிஃப்டுக்கு சர்வீஸ் பண்ற மாதிரியே பண்றீங்க. அவகிட்ட கொஞ்சம் பேசுங்களேன்."

"என்னத்தப் பேசுறது?"

"எதையாவது."

யோசித்தான். குனிந்து, "நாலாவது மாடிக் கதவு சரியா மூடல" என்றான்.

மச்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அவன் டயப்பரை மாற்றினான்.

ஒன்பதாம் நாள் காலை பிள்ளையின் சட்டையைக் கழற்றும்போது அந்தக் கருத்த துண்டு விழுந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். தாயையும் மகளையும் பிணைத்திருந்ததில் மிச்சம் அவ்வளவுதான். நெஞ்சில் ஏதாவது அசையுமென்று காத்திருந்தான். அசையவில்லை. நர்ஸுக்கு ஃபோன் போட்டான்.

"ரத்தம் வருதா?"

"ஒரு சொட்டு."

"பரவாயில்லை. சுத்தமான துணியால ஒத்தி எடுங்க."

ஒத்தி எடுத்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்கு எடை பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போனான். நோட்டில் எழுதுகிற பெண், "அம்மா வரலையா?" என்று கேட்டாள்.

"அவ இறந்துட்டா." அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. வேறு யாரோ சொன்னது போலிருந்தது.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு தராசைப் பார்த்து, "பிறந்த எடையைத் தாண்டிட்டா. யார் பார்த்துக்கிறது?" என்றாள்.

"நான்தான்."

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு வாய் போனதும் நிமிர்ந்தான்.

"குழம்புல உப்பு இல்லையே."

"நேத்தும் போட மறந்துட்டேன் மாமா" என்றாள் மச்சினி. "நீங்க ஒண்ணும் சொல்லல."

அவன் எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து போட்டுச் சாப்பிட்டான்.