பூஜ்யம் கிலோ

சித்தூர் சாலையில் இருந்த மாம்பழக்கூழ் தொழிற்சாலை அது. அங்கே ஓடிக்கொண்டிருந்த, கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலுக்கு ஏறக்குறைய என் வயது. அதைத் தூக்கிப் போடாமல், நிரல் எழுதும் புது எடிட்டருக்குக் கொண்டுவந்து, எந்த மாற்றத்தை யார் எப்போது செய்தார்கள் என்று பதிவாகும்படி வைத்து, சோதனைகளும் எழுதித் தர வேண்டும். அதுதான் எனக்கு வந்த வேலை. திருப்பதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். பழைய நிரல்களைக் கண்டால் எனக்கு ஓர் இளக்காரம் உண்டு. அதை மறைத்துப் பழக்கமில்லை.

எதிர் மேஜையில் எடைமேடைப் பதிவு செய்யும் அம்மா இருந்தார். நகரிக்காரர், ஐம்பது வயதிருக்கும். பச்சை எழுத்துத் திரையைப் பார்க்காமலே தட்டுவார். இத்தனை வருடமாகியும் ஒப்பந்த ஊழியர்தான். சீசன் முடிந்ததும் அடுத்த வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள். ஃபைலில் ஒரு மெமோ ஏறிவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். ஊறுகாய் டப்பாவை என் பக்கம் தள்ளிக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொன்னார்.

எடிட்டரோடு வந்த ஏஐ உதவியாளரிடம் பழைய தரவைக் கொடுத்தேன். ஒரே வண்டிக்கு இரண்டு பதிவுகள், முதல் பதிவில் எடை பூஜ்யம் என்று எக்கச்சக்கமாக எடுத்துக் காட்டியது. தவறான தரவாக இருக்கலாம், தடுக்கட்டுமா என்று கேட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. பூஜ்யம் கிலோ மாங்காயை எவன் கொண்டுவருவான்? பூஜ்யம் வந்தால் பிழைக் கோப்பில் ஒதுக்கிவிட்டு, திரை வழக்கம்போல் அடுத்த வண்டிக்குப் போகும்படி எழுதினேன். சோதனைகள் எல்லாம் தேறின.

அந்த அம்மா எட்டிப் பார்த்து, "சார், அந்த சைபர மட்டும் எடுத்துடாதீங்க. நான் தெனம் போட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

"பார்க்கிறேம்மா" என்றேன். ஏன் போடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. காதில் ஹெட்ஃபோன் இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

கூழுக்கான தோதாபுரி மாங்காய் வரத் தொடங்கியதும் கேட்டுக்கு வெளியே லாரிகளும் டிராக்டர்களும் நிறைந்தன. மூன்றாம் நாள் ஒரு விவசாயி அலுவலகத்துக்குள் வந்து அந்த அம்மாவிடம் கத்தினார். அவர் வந்தது முந்தாநாள் காலை. பின்னால் வந்த மண்டிக்காரர்களின் லாரிகள் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டன. வெயிலில் நின்ற அவருடைய டிராக்டரில் பழம் இளகி நீர் ஒழுகியது. தரம் பார்ப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உன்ன நம்பித்தானேம்மா நின்னுக்கினு இருந்தேன்" என்றார். அத்தனை பழத்தையும் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்.

பழைய நிரலை மறுபடி திறந்து படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வண்டி கேட்டருகே வந்ததும் காவலாளி போனில் நம்பர் சொல்வார். உடனே அந்த அம்மா பூஜ்யம் கிலோ என்று ஒரு பதிவு போட்டுவிடுவார். முதல் பதிவின் நேரத்தை வைத்துத்தான் பழைய நிரல் இறக்கும் வரிசையைக் கட்டும். எடைமேடையில் முண்டியடித்து ஏறும் லாரிக்காரர்களிடமிருந்து டிராக்டர்களைக் காப்பாற்றி வந்தது அந்தப் பூஜ்யம்தான். யாரும் எங்கேயும் எழுதிவைக்காத ஏற்பாடு. இந்த சீசனிலும் அவர் விடாமல் போட்டிருந்தார். நான் எழுதிய வரி அந்தப் பூஜ்யங்கள் ஒவ்வொன்றையும் விழுங்கியிருந்தது.

மேலாளர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"புதுசா மாத்திக்கிறாங்க இல்ல சார், நான்தான் எங்கியோ தப்பா அழுத்தியிருப்பேன்" என்றார் அவர். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. மதியமே மெமோ அவர் கைக்கு வந்தது. அதைப் படித்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியின் எண்ணைத் தட்டினார்.

அந்த வரியை நீக்க எனக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகும் அந்த வரி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. மறுநாள் காலையில் லேப்டாப்போடு மேலாளர் அறைக்குப் போய், அந்த வரியையும் அதன் பக்கத்தில் பதிவாகியிருந்த என் பெயரையும் காட்டினேன்.

"தப்பு என்னுது சார். அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க."

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போனீலேண்டி சார், விடுங்க. சாஃப்ட்வேர்ல இதெல்லாம் சகஜம். சரி பண்ணிட்டீங்க இல்ல?"

"அந்த மெமோ?"

"அது ஃபைலுக்குப் போயிடுச்சு. அப்புறம் பார்க்கலாம்." மணியடித்து இரண்டு டீ சொன்னார்.

எனக்குத் தர வேண்டிய மெமோ எங்கே என்று கேட்டிருக்கலாம். அந்த அம்மாவுடையதைக் கிழித்துப் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்திருக்கலாம். கிடங்கு நிரலையும் எனக்கே தருவதாக மேலாளர் அப்போது பேசிக்கொண்டிருந்தார். டீ வந்தது. குடித்தேன்.

அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவைக் கூப்பிடவில்லை. நான் போனேன்.