கொட்டாய் அட்டையில் என் மாத்திரை

முதல் அலை முட்டை அறையில் வந்தது. மார்கழிக் காலை, அட்டைத் தட்டுகளில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குழியில் கிளம்பிய சூடு கழுத்தேறி முகமெங்கும் பரவியது. இரண்டு நிமிடத்தில் ரவிக்கை நனைந்தது. முந்தின நாளின் குளிர்ந்த முட்டை ஒன்றைக் கன்னத்தில் ஒற்றியபடி நின்றேன். பிறகு குளிர் நடுக்கியது. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்திருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாமக்கல்லுக்கு அருகே எங்கள் தோட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தோம். தீவனமும் விற்பனையும் என் கணவர் பொறுப்பு. குஞ்சு வளர்ப்பு என்னுடையது. தை பிறந்ததும் புதுக் குஞ்சுகள் வரவிருந்தன. முதல் வாரங்களில் அவை புரூடரில் (பல்புகளால் சூடேற்றிய கொட்டாய்) வளரும். அந்தச் சூட்டுக்குள் நான் நாளெல்லாம் போய்வர வேண்டும். அலையோ நாளுக்குப் பத்து முறை வந்துகொண்டிருந்தது.

“இந்த பேட்ச்சுக்கு ஆள் வெச்சுக்கலாம் புள்ள. நீ ஊட்டுல இரு,” என்றார் கணவர்.

பரிவாகத்தான் சொன்னார். பதினோரு ஆண்டுகளாக நான் செய்துவந்த வேலை கையை விட்டுப் போகிறதே என்றுதான் எனக்குப் பட்டது.

சேலத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவரைப்போல் பொறுமையாகக் கேட்பவரை அதற்குமுன் நான் கண்டதில்லை. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் எப்போதாவது இரத்தம் உறைந்ததா என்று விசாரித்து, முழுமையாகச் சோதித்த பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேசினார். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை (சூலகம் சுரக்கும் ஹார்மோன்) மருந்தாகக் கொடுக்கலாம். கருப்பை இருப்பதால், அதன் உட்சுவர் தடித்துவிடாமல் காக்க மாதத்தில் சில நாள் புரோஜெஸ்டிரோனும் (துணை ஹார்மோன்) வேண்டும். நின்றுபோன உதிரப்போக்கு மாதந்தோறும் சிறிது திரும்பும்.

நான் பத்திரிகையில் இதைப் பற்றிப் படித்துவிட்டு, ஊசிதான் என்ற முடிவோடு போயிருந்தேன். “ஏனுங்க டாக்டர், மாசத்துக்கு ஒரு ஊசின்னா வசதிங்களே?”

“வசதிதானுங்க. ஆனா போட்ட ஊசியத் திருப்பி எடுக்க முடியாதுங்களே. மாத்திரைன்னா, ஒத்துக்கலைன்னா மறுநாளே நிறுத்திரலாம்.”

“தினமும் ஞாபகம் வெக்கோணுமே.”

“நீங்க ஒரு நாளும் மறக்காம செய்யற வேலை என்னங்க?”

கோழிக் கொட்டாயின் அட்டையில் எழுதுவது என்று சொன்னேன். ஒவ்வொரு கொட்டாயின் வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். தின்ற தீவனம், செத்தவை, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் விடிந்ததும் அதில் குறிப்போம். மருத்துவர் சிரித்தார். “அப்ப அங்கயே உங்க வசதி இருக்குதுங்களே. அந்த அட்டையிலயே மாத்திரையையும் குறிச்சு வெய்யுங்க.”

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது என் பிழை. விளக்கடியில் மாத்திரையை விழுங்கிவிட்டு, கைப்பழக்கத்தில் குஞ்சுகளின் மருந்துக் கட்டத்திலேயே ‘ஈஸ்ட்ரோஜன் 1’ என்று எழுதிவந்தேன்.

மூன்றாம் வாரம் கால்நடை மருத்துவர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

“ஏனுங்க, குஞ்சுக்கு ஈஸ்ட்ரோஜனுங்களா? யாரு எழுதிக் குடுத்தாங்க?”

வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவரிடம் நான் ‘சூட்டுக்கு மருந்து’ என்று மட்டுமே சொல்லியிருந்தேன். பொய் சொல்லலாம், சொன்னால் அந்த பேட்ச்சின் மேலேயே சந்தேகம் விழும்.

“குஞ்சுக்கில்லீங்க,” என்றேன். “எனக்கு. தீட்டு நின்னதுக்கப்புறம் வர்ற சூட்டுக்கு.”

கூடவே நின்ற கணவர் அட்டையை வாங்கி, மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். “நல்லவேளை சாமி, செத்ததுங்கற கட்டத்துல எம் பேர எழுதாம உட்டியே!”

கொட்டாயே சிரித்தது. அன்று மாலை அவர் ஸ்கேலை வைத்து அட்டையின் ஓரத்தில் தனிக் கட்டம் ஒன்று கோடிட்டுக் கொடுத்தார். மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு, “இன்னைக்குக் கட்டம் காலியா இருக்குதே?” என்று ஒரு குரல் வரும். முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் என் உடலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

நான்காம் வாரம் அலைகள் தணிந்தன. உதிரப்போக்கு எரிச்சலூட்டியது, மார்பு கனத்தது. அவற்றையும் கட்டத்தில் குறித்தேன். சேலம் மருத்துவர் அட்டையை வரிவரியாகப் படித்து மருந்தின் அளவைக் குறைத்தார். அந்தக் கோழிகள் ஒன்றரை ஆண்டு முட்டையிட்டுக் கழிந்தபோது, மாத்திரையையும் படிப்படியாக நிறுத்தினார்.

எனக்கு ஏற்ற வழி உங்களுக்கும் ஏற்கும் என்று எழுதவில்லை. உங்கள் நாள் எப்படி நகர்கிறது என்று கேட்கும் மருத்துவரைத் தேடுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சூடு மிகுந்தால் குஞ்சுகள் ஓரத்துக்கு விலகும். குறைந்தால் விளக்கடியில் நெருங்கும். அதை ஒரு பார்வையில் படிக்கத் தெரிந்த நான், என் உடலைப் படித்ததில்லை.

அடுத்த பேட்ச் வந்தபோது புது அட்டையிலும் கணவர் பழக்கத்தில் அந்தத் தனிக் கட்டத்தைக் கோடிட்டிருந்தார். நான் அழிக்கவில்லை. வாரங்கள் அதன் வழியே வெறுமையாய்க் கீழிறங்கின. எப்போதேனும் ஒரு சிறிய அலை எழும். அப்போது புரூடரின் சுவரோரமாக நகர்ந்து, அது கடக்கும்வரை குஞ்சுகளோடு நிற்பேன்.