பல்கணிக்கு வந்த ஆற்றுக் கயிறு

நாலு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை காலையில்தான் எழும்பினேன். உடுப்பு எடுக்கப் பல்கணிக்குப் போனால், எங்கள் பழைய கம்பிக் கொடி இல்லை. புது நீலக் கயிறு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதில் என் கணவரின் வேலைக் காற்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றில் முழத்துக்கு முழம் சிவப்புப் புள்ளி. நகப்பூச்சு. அந்தப் புள்ளிகளை வைத்தவள் நான்.

"இந்தக் கயிறு எங்காலை வந்தது?"

அவர் கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். முகத்தில் பெருமை.

"நல்ல கயிறு என்ன? ஆத்திலை கிடந்தது. ஆரோ ஒரு விசரன் மரக்கட்டையளைத் தண்ணிக்கை போட்டு, முளை அடிச்சு இதாலை கட்டி வைச்சிருக்கிறான். முடிச்சை அவிழ்க்கவே ஏலாமப் போச்சு. கத்தியாலைதான் வெட்டினனான். இந்தக் கிழமை கொம்பனி எங்களை உம்மட ஆத்துக்குத்தான் விட்டது. மூண்டு நாளாத் துப்புரவாக்கினனாங்கள். வந்து பாரும், கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

அந்த விசரன் நான்தான்.

நான் இந்த இத்தாலிய நகரத்தின் ஒரேத்தோ ஆற்றில் வேலை செய்கிறேன். அதற்கு முன் பல வருடங்கள் பொலிதேயாமாப் பக்கம் சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள், சமைக்க வாங்கிய உயிர் விலாங்கு மீன் தொட்டியிலிருந்து நழுவிக் குசினி நிலத்தில் ஓடியது. வீட்டார் கதிரைகளில் ஏறிவிட்டார்கள். நான் நடுவிரலை மேலேயும் மற்ற இரண்டு விரல்களைக் கீழேயும் கொடுத்துப் பூட்டிப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் விலாங்கு வழுகாது. கதிரையில் ஏறாமல் நின்று அதைப் பார்த்தவர் சின்யோராவின் மகள். மீன்களைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். எல்லோரும் அவரை, டொக்டர் அம்மா என்பது போல, தொத்தொரேசா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றில் இறங்கி வேலை செய்ய ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆற்றங்கரையில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. அவர்களுடைய முன்னோர் விலாங்கு பிடித்துச் சாப்பிட்ட ஆறு அது. விலாங்கு திரும்பி வரவேண்டும் என்று அவர்கள்தான் தொத்தொரேசாவை அமர்த்தினார்கள். விலாங்கு கடலில் பிறக்கிறது. ஊசி போன்ற குஞ்சாக ஆற்று வாயால் ஏறி வந்து, பல வருடம் ஆற்றில் வளர்ந்து, பிறகு முட்டையிடக் கடலுக்கே போய்விடும். பகலில் அதற்கு ஒளிய இடம் வேண்டும். கட்டைக்கும் கல்லுக்கும் அடியில்தான் அது உயிர் வாழும்.

முதல் வருடம் குளிர்சாதனப் பெட்டிகள், டயர்கள், மெத்தைகள் எல்லாம் வெளியே எடுத்தோம். அப்போது வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் கேட்டவர்களுக்கு, "ஆத்தைத் துப்புரவாக்கிறன்" என்றேன். எல்லோருக்கும் விளங்கியது. இரண்டாம் வருடம் வேலை தலைகீழாக மாறியது. வேரோடு விழுந்த மரங்களைத் தண்ணீருக்குள் போடச் சொன்னார் தொத்தொரேசா. முதல் கட்டையைப் போட என் கையே வரவில்லை. மற்றவர் வீட்டுக் குப்பையை எடுத்தே பழகிய கை. பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் முளை அடித்தேன், வெள்ளம் இழுத்துப் போகாத முடிச்சுப் போட்டேன், அளவு பார்க்கக் கயிற்றில் புள்ளி வைத்தேன். ஆனால் கேட்டவர்களுக்குப் பழைய பதிலைத்தான் சொன்னேன். ஆற்றில் கட்டை போடுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாலு பேர் முன் வாய் திறக்கவே கூசுகிறவள் நான்.

"அந்தக் கட்டையளைக் கட்டினது நான்" என்றேன்.

அவருடைய கோப்பை பாதி வழியில் நின்றது.

"நீரோ? ஏன்?"

"விலாங்குக்கு."

"எனக்கு ஒரு நாளாவது சொன்னனீரே? துப்புரவு வேலை எண்டுதானே சொன்னனீர்! உமக்கு வேலை குறையட்டும் எண்டு மற்றவங்களையும் திட்டித் திட்டி ஒரு சுள்ளி விடாமல் எடுப்பிச்சனான்!"

அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்காகியது. கயிற்றை அவிழ்த்தேன். அவருடைய காற்சட்டை கீழ் வீட்டுப் பல்கணியில் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன்.

இருவரும் ஆற்றுக்குப் போனோம். கண்ணாடி மாதிரித்தான் கிடந்தது. அடியில் இருந்த கற்களைக்கூட வாரி எடுத்திருந்தார்கள். கட்டைகள் முழுவதும் கரையில், விறகுக் கடை போல அழகாக அடுக்கியிருந்தன. மொட்டைத் தண்ணீரில் மூன்று கொக்குகள் நின்றன. ஒன்று என் கண் முன்னாலேயே குனிந்து, விரல் தடிப்பில் நெளிந்த ஒன்றைத் தூக்கி விழுங்கியது. நான் கல்லெடுத்து எறிந்தேன். கொக்கு நாலடி தள்ளிப் போய் நின்றது. அதற்கு அவசரமில்லை.

"எப்ப ஏத்துறாங்கள் இதை?"

"திங்கக்கிழமை காலமை லொறி வரும்."

அந்தத் துப்புரவு வேலையை நகரசபையிடம் எடுத்த கொம்பனிக்கு, தொடக்கூடாத இடங்களைச் சிவப்பில் குறித்த வரைபடமொன்றைத் தொத்தொரேசா கொடுத்திருந்தார். கொடுக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். அதைப் பற்றிக் கணவரிடம் கேட்டேன்.

"எங்கட காப்போ ஒரு படமும் காட்டேல்லை" என்றார். காப்போ என்பது அவர்களுடைய மேற்பார்வையாளன். "'எல்லாத்தையும் எடு' எண்டான். அவ்வளவுதான்."

அங்கிருந்தே தொத்தொரேசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒரு கூட்டத்துக்காக வேறு நகரத்தில் இருந்தார். கேட்டுவிட்டு, ஒன்றையும் தொடாதே என்றார். படம் எடுத்து அனுப்பு. கட்டைகள் அடுக்கினபடியே இருக்கட்டும், அதுதான் சாட்சி. திங்கள் பின்னேரம் வழக்கறிஞரோடு வருகிறேன்.

"லொறி காலையில் வந்துவிடும். கொக்கு இப்போதே நிற்கிறது" என்றேன்.

"சட்டப்படி செய்வோம்" என்றார்.

படம் எடுத்தேன். என்னை ஆற்றில் இறக்கியவரே விலாங்கை விட்டுவிட்டுச் சாட்சியைக் காப்பாற்றச் சொல்கிறார். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச்சொல்லித் தன்னோடு வேலை செய்பவர்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்.

ஞாயிறு விடிந்ததும் மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் அவரோடு சேர்ந்து அந்தக் கட்டைகளை இழுத்து எடுத்தவர்கள். அவர்களில் ஒருவர் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கும் பகிடிக்காரர்.

"அக்கா, வெள்ளிக்கிழமை அண்ணை எடுக்கச் சொன்னார், எடுத்தம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போடச் சொல்லுறியள், போடுறம். செவ்வாய்க்கிழமை ஆருடைய முறை எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இடுப்புவரை தண்ணீருக்குள் இறங்கினேன். அவர்கள் முதல் கட்டையை நேராக, ஒழுங்காக, கரையோடு சேர்த்து வைத்தார்கள்.

"அப்பிடி இல்லை!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்ததை நானே கேட்டதில்லை. "வேர்ப்பக்கம் மேலை! தண்ணி வாற பக்கம்! வடிவு பாக்கிறதுக்கு இது ஒருத்தருடைய வீட்டு விறாந்தையும் இல்லை!"

"ஓம் அக்கா, ஓம்" என்றார் பகிடிக்காரர். அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

கணவர் கரையில் நின்று கயிற்றை நீட்டினார். தான் வெட்டிய முனைகளைத் தானே முடிந்திருந்தார். அவர் முடிச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவிழ்த்து நான் போட்டேன். "இஞ்சையோ?" என்று கேட்பார். "அங்கை" என்பேன். அன்று முழுவதும் நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் கரையில் ஒரு கட்டையும் இல்லை. கற்களையும் கூடை கூடையாகத் திரும்பக் கொட்டினோம்.

திங்கட்கிழமை லொறி வெறுமையாகத் திரும்பியது. காப்போ தொலைபேசியில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "நாங்கள் எடுத்து வைச்சதை ஆரோ திரும்பப் போட்டிருக்கினம்" என்று மட்டும் இத்தாலியனில் சொல்லிவிட்டு வைத்தார் கணவர்.

பின்னேரம் தொத்தொரேசா வந்தார். வழக்கறிஞரிடம் காட்ட நான் எடுத்த படங்களைத் தவிர எதுவும் இல்லை. "வழக்கையே கெடுத்துவிட்டாய்" என்றார். நான் தண்ணீரைக் காட்டினேன். கொக்குகள் போயிருந்தன. அவர் குனிந்து ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை.

அடுத்த நாள் சங்கத்துக்குக் கொடுக்கும் அறிக்கையைக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். வெளிநாட்டுக் கூலிகள் அறியாமையால் அழித்ததாகவும், திட்டக் குழு உடனே சீர் செய்ததாகவும் அதில் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். சீர் செய்தவர்களில் குழு ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அந்தக் கூலிகள்.

"இதிலே கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்? பொய்யா? அவர்கள்தானே எடுத்தார்கள்?"

"அவர்கள்தான் எடுத்தார்கள். என் கணவரும்தான். வரைபடத்தைக் காட்டாதவன் காப்போ. வீட்டில் சொல்லாதவள் நான். திரும்பப் போட்டது அவர்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்."

என் இத்தாலியன் பிழை பிழையாக வந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னேன். அவர் பேனையை எடுத்து இரண்டு வரிகளை வெட்டினார், வேறு நாலு வரிகள் எழுதினார். மெதுவாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

போன கிழமை கோயில் மண்டபத்தில் ஒருத்தி, "இப்பவும் ஆத்தைத்தான் கழுவுறியளோ?" என்று கேட்டாள். "இல்லை, ஆத்துக்கை கட்டை போடுறன்" என்றேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற என் கணவரும் சிரிக்கப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பல்கணியில் இன்னும் கொடி இல்லை. பழைய கம்பியை அவர் எறிந்துவிட்டார். புதுக் கயிறு வாங்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டார். எறிந்தவரே வாங்கட்டும் என்று நான் வாங்கவில்லை. அவருடைய காற்சட்டை கதிரை முதுகில் காய்கிறது.