தாடையில் பழுப்பு வளையங்கள்

பதினாறு வயதிலிருந்து என் தாடையில் முடி வளர்ந்தது. நூல் போட்டு எடுப்பேன். நாலே நாளில் திரும்ப முளைக்கும். முப்பத்தெட்டாவது வயதில்தான் துணிந்து, வங்காளத்து டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தோல் மருத்துவரிடம் லேசர் சிகிச்சைக்குப் போனேன்.

கருவியைக் கையாண்டவள் ஓர் இளம்பெண். லேசர் ஒவ்வொரு முறை பாய்வதற்கு முன்பும், தோலைச் சுட்டுவிடாமலிருக்க, அந்தக் கருவியே குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சும். மூன்றாவது தடவை போனபோது எனக்கு வலி தாங்கவில்லை.

"குளிரைக் கொஞ்சம் கூட்டேன்" என்று வங்க மொழியில் கேட்டேன்.

"வேண்டாம் திதி, அளவாத்தான் இருக்கு" என்றாள், அக்கா முறை வைத்து.

நான் விடவில்லை. கூட்டினாள். வலி குறைந்தது.

ஐந்தாம் நாள் காலையில் காப்பி கொண்டுவந்த அம்மா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, தாடையெல்லாம் வட்டம் வட்டமா கறுத்திருக்கு?"

காதுக்குக் கீழிருந்து மோவாய் வரை, சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு வளையங்கள். முடியையாவது பிடுங்கலாம். இதை என்ன செய்வது? நியூ டவுன் அலுவலகத்துக்கு முகக்கவசத்தோடு போனேன். கேட்டவர்களிடம் சளி என்றேன். மனத்துக்குள் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன்.

திரும்பப் போனபோது மருத்துவர் விளக்கை அருகே இழுத்துப் பார்த்தார். "லேசர் சுட்டதில்ல இது. குளிர் அதிகமாகி தோல் புண்பட்டிருக்கு. நம்ம மாதிரி நிறத்துல அது இப்படிக் கறுப்பாத் தங்கும். சில மாசத்துல மங்கிடும்."

பிறகு அந்தப் பெண்ணை அழைத்தார். "அளவை மாத்தச் சொன்னது யாரு?"

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நான்தான் டாக்டர். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

"யார் கேட்டாலும் மாத்தக் கூடாது" என்றார் அவளிடம். குரல் தணிந்திருந்தது.

அப்புறம் களிம்பு, சன்ஸ்கிரீன், வெயிலில் குடை. துர்கா பூஜையின்போது பந்தல் கூட்டத்தில் வியர்த்து மூச்சு முட்டவே, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண், அண்ணி முறையில் நான் பௌதி என்று கூப்பிடுபவள், என் தாடையையே பார்த்தாள். என்னவென்று கேட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவள் சேலைத் தலைப்பால் மூடியிருந்த தன் மோவாயைத் தொட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் முடி உண்டு. இருபது வருஷமா கத்திரிக்கோல்தான்" என்றாள்.

குளிர்காலம் முடிவதற்குள் வளையங்கள் மங்கிவிட்டன. காதோரம் இரண்டு மட்டும் லேசாகத் தெரிகின்றன. மிச்சமிருந்த சிகிச்சையை அந்தப் பெண்ணிடமே முடித்தேன். இப்போது பௌதி போய்வருகிறாள். முதல் நாள் மட்டும் துணைக்குப் போனேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.