சோரிமோன் ஊற்றில் ஒரு கன்றுக்குட்டி

எங்கள் சோரிமோனில் மண் என்பது இரண்டு சாண் ஆழம்தான். அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. செத்தவர்களுக்குக் குழி வெட்டவே வெடிமருந்து வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்திருக்கிறோம். கடைசி நாளில் எல்லாரும் எழும்பும்போது பெரிய தள்ளுமுள்ளு நடக்கும் என்று பாதிரியாரே சொல்வதுண்டு.

ரூவெத் ஓடைக்கும் இந்த மண் பிடிக்கவில்லை. மேட்டுச் சதுப்பிலிருந்து இறங்கி வந்து, ஊருக்கு அரைமணி நடைதூரத்தில் ஒரு பாறைப் பிளவுக்குள் விழுந்து காணாமல் போய்விடும். அந்தப் பிளவு ஒரு பிரஷ்யச் சிப்பாயைக் குதிரையோடு விழுங்கியதாகவும், மறுவருஷம் குதிரை மட்டும் மியூஸ் நதியில் குட்டியோடு கரையேறியதாகவும் சொல்வார்கள். அது ஆண் குதிரை என்பதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

குன்றுக்கு இந்தப் பக்கம், கோயிலடியில், எங்கள் ஊற்று. அந்தத் தண்ணீருக்கும் பிளவுக்கும் சம்பந்தமில்லை என்பது 1811இலேயே முடிவான விஷயம். அன்றைய பெரியவர்கள் மூன்று மூட்டை ஓட்ஸ் உமியைப் பிளவில் கொட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க ஊற்றடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஓர் உமிகூட வரவில்லை. எழுந்து குடிக்கப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் செத்த மாடு, ஆடு, குதிரை எல்லாம் பிளவுக்குத்தான். பாறையில் மாட்டைப் புதைக்க யாரால் முடியும்?

அந்த வேலையைச் செய்தவன் கிஸ்லேன். தோலை உரித்து எடுத்துக்கொள்வான், மிச்சத்தைத் தள்ளிவிடுவான். இருபத்திரண்டு வருஷம் தள்ளினான். அவன் கோயிலில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைகள் தாமாகக் காலியாகும். அதைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்லிச் சிரிப்பான்.

1903இல் குடல் காய்ச்சல் வந்தது. அறுவடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் பதினொரு பேர் போனார்கள். கிஸ்லேன் வீட்டில் மட்டும் மூன்று பேர்: மனைவி மெலனி, இரண்டு பையன்கள். மிஞ்சியது ஒன்பது வயது மகள் ஐடா.

மறுவருஷம் மே மாதம், காய்ச்சல் தண்ணீரால் வந்ததா என்று கண்டுபிடிக்க, நகரத்திலிருந்து ஒரு டாக்டர் பெரிய குப்பியில் சாயத்தோடு வந்தார். அதைப் பிளவில் ஊற்ற வேண்டும், ஊற்று நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். வழி தெரிந்தவன் கிஸ்லேன்தான். குப்பியோடு கிளம்பியவனை மேயர் தெசிரே வழியில் பிடித்தார்.

"கிஸ்லேன், அந்தச் சனியனைச் செடி மறைவுல ஊத்திட்டு வந்துரேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, மேயரே."

"யோசிச்சுப் பாரு. தண்ணி நிறம் மாறலேன்னா, மெலனி விதி முடிஞ்சு போனா. மாறிச்சுன்னா, அவளைக் கொன்னது யாரு? உன் கைதானே அத்தனையும் தள்ளிச்சு?"

கிஸ்லேன் பிளவுக்குப் போய்க் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சாராயக்கடையில் கொண்டாட்டம். மூன்றாம் நாள் காலையில் ஊற்று பச்சையாக வந்தது. சும்மா பச்சையில்லை. அதில் குளித்த வாத்துகளைப் பார்த்து, கிளி வந்திருக்கிறது என்று கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"செத்த மாடு மட்டுமில்ல, மேட்டுப் பண்ணைகளோட கழிவும் இதுல வருது. இனிமே இதை யாரும் குடிக்கக் கூடாது. மேல்காட்டுச் சுனையிலிருந்து எடுங்க" என்றார் டாக்டர்.

மேல்காட்டுச் சுனை முக்கால் மணி ஏற்றம். டாக்டரின் வண்டி மறையும்வரை எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு கிஸ்லேனின் அக்கா உபெர்தின் வாயைத் திறந்தாள்.

"பச்சையா இருக்குன்னா, நீ ஊத்தின சாயத்தாலதானேடா? அதுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருந்துச்சே!"

"அக்கா, நான் ஊத்தினது அந்தப் பக்கம். வந்தது இந்தப் பக்கம். இதுகூடப் புரியலையா?"

"அம்பது வருஷமா குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"நீ சாக மாட்ட அக்கா. எங்களை எல்லாம் அனுப்பிட்டுத்தான் போவ."

ஊர் சிரித்தது. பத்து நாளில் நிறம் வடிந்தது. வாளிகள் ஊற்றுக்குத் திரும்பின.

கிஸ்லேன் மட்டும் தினமும் காலையில் ஏறி, ஐடாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். ஒரு புட்டியில் ஊற்றிப் பள்ளிக்கும் கொடுத்தனுப்பினான்.

"வெளியில எங்கயும் ஒரு வாய் குடிக்கக் கூடாது. என்ன?"

"எந்நேரமும் தண்ணிப் புட்டியோட திரியறேன்னு எல்லாப் பிள்ளைங்களும் தவளை, தவளைன்னு கூப்பிடுதுங்கப்பா."

"தவளை நூறு வயசு வாழும். கத்திட்டுப் போகட்டும்."

ஜூன் மாதம் மறுபடி காய்ச்சல் வந்தது. கொல்லர் வீட்டில் ஒரு குழந்தை போனது. ஊற்றில் குடிக்க வேண்டாம் என்று கிஸ்லேன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான், யாரும் கதவை முழுசாகத் திறக்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை மேயரின் தொழுவத்தில் ஒரு கன்றுக்குட்டி செத்தது. பிளவில் தள்ளச் சொல்லிக் கிஸ்லேனிடம் கொடுத்தார்கள். அவன் தள்ளவில்லை. கொட்டகையில் சாக்கைப் போட்டு மூடிவைத்தான். எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிற நாள் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்க வெளியே வந்தது. கிஸ்லேன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். ஊற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மூன்று நாள் புழுக்கத்தில் ஊதிப்போன கன்றைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டான். அது அங்கேயே வெடித்தது.

"டேய், என்னடா பண்ற! குடிக்கிற தண்ணியிலயா?" என்று தெசிரே அலறினார்.

"இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பண்றேன். இன்னிக்குத்தான் உங்க கண்ணு முன்னாடி பண்றேன்" என்றான் கிஸ்லேன்.

வாந்தி எடுக்காதவர் இல்லை. பாதிரியார் பூசை உடையோடு எடுத்தார். அடி வாங்கி முகம் வீங்கிய கிஸ்லேனைப் போலீஸ் கட்டி இழுத்துப்போனது. நாற்பது நாள் சிறை. ஐடாவை உபெர்தின் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

தொட்டியைச் சுண்ணாம்பு போட்டு ஆறு தடவை கழுவினார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனால் கன்றின் வயிறு கண்முன் வந்து நின்றது. டாக்டர் பேச்சால் ஆகாதது அருவருப்பால் ஆனது. உபெர்தின்கூட முனகிக்கொண்டே மேல்காட்டுக்கு ஏறினாள். ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை. அது கிஸ்லேனால் என்று ஒருவரும் சொல்லவில்லை. நல்ல கோடை என்றார்கள்.

அவன் திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி கேளு, தம்பி. நீ போன ரெண்டு வாரத்துல அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. பொழைச்சுட்டா. ஆனா காது போயிடுச்சு."

"என்ன தண்ணி குடுத்த?"

"சத்தியமா மேல்காட்டுத் தண்ணிதான். நானே சுமந்தேன்."

ஐடா மொட்டைத் தலையோடு அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாயையே பார்த்தாள். அவன் கத்திக் கத்திக் கேட்டான். அவளுக்கு எட்டவில்லை. எழுதிக் காட்ட அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஊரில் யாரையாவது எழுதித்தரச் சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் மகளின் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துப் படித்தான். ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. பிப்ரவரியில் ஒருநாள், கோணல் எழுத்தில் எழுதி அவளிடம் நீட்டினான்.

'ஊற்றில் எப்போது குடித்தாய்?'

ஐடா அதைத் துடைத்துவிட்டு அழகான கையெழுத்தில் எழுதினாள்.

'ஒரே ஒரு தடவைதான் அப்பா. தவளை என்று யாரும் சொல்லக்கூடாது என்று. நீங்கள் கன்றைப் போட்டதற்கு முந்தின நாள், அது நம் கொட்டகையில் கிடந்த சனிக்கிழமை.'